ஐடிலிங்கில் தடுமாறும் இன்ஜினும் ஒரு மலிவு விலை ஓபிடி ரீடரும்

நன்றாகச் சூடேறிய பெட்ரோல் இன்ஜின் சிக்னலில் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் 750 அருகே அமைதியாக நிற்காமல் 600க்கும் 900க்கும் இடையே ஏறி இறங்கினால், பட்டறையில் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார்கள்; அதற்கு அடங்காவிட்டால் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள்; அதற்கும் அடங்காவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மீது பழி விழும். ஊகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றும் இந்தச் செலவைத் தவிர்க்க எண்ணித்தான் ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி ரீடர் (இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளையும் அளவீடுகளையும் படிக்கும் கருவி) ஒன்றை வாங்கினேன். நான்கு சிலிண்டர் பிஎஸ் 4 (புகை மாசு விதி) பெட்ரோல் கார் ஒன்றில் இதே கோளாறைத் தேடுவதற்கு அதைப் பயன்படுத்திய அனுபவத்தை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கத்தில் உள்ள 16 பின் சாக்கெட்டில் இந்தக் கருவியைச் செருகிவிட்டு, கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தால் போதும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ் 4 கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயமாக்கப்பட்டதால், அதற்குப் பின் வந்த கார்களில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. கருவிக்குள் இருப்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் இஎல்எம்327 சிப்பின் நகல். பெட்டியில் 1.5 என்று பதிப்பு எண் அச்சிட்டிருக்கிறது; அந்த நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல் என்பதன் விளைவு வேகத்தில் தெரிகிறது. பத்துப் பன்னிரண்டு அளவீடுகளை ஒன்றாகத் திரையில் வைத்தால் எண்கள் நொண்டி நொண்டித்தான் மாறுகின்றன. ஐடிலிங்கின் நுண்ணிய தடுமாற்றம் அந்த இடைவெளியில் தவறிவிடுகிறது. மூன்று நான்கு அளவீடுகளோடு நிறுத்திக்கொண்டால் பார்க்கும்படியாக இருக்கிறது.

செக் இன்ஜின் விளக்குக்குரிய கோளாறுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை (code), அது சரியாகவே படித்தது. பி0171, பி0300 ஆகிய இரண்டும் வந்தன. முன்னது பெட்ரோலுக்குத் தேவையான அளவை விடக் காற்று மிகுந்துவிட்டது என்பதையும், பின்னது குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் அங்கங்கே மிஸ்ஃபயர் ஆகிறது (பெட்ரோல் சரியாக எரியாமல் போகிறது) என்பதையும் சொல்கின்றன. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு ஆக்சிஜன் சென்சாருக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். கோடு என்பது நோயின் அறிகுறியே. எந்தப் பாகம் கெட்டது என்பதற்கான தீர்ப்பு அதில் இல்லை.

இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு முழுவதற்கும் பயன் கிடைத்தது ஃப்யூயல் ட்ரிம் என்ற அளவீட்டில்தான். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் சேர்த்தால் கூட்டலிலோ கழித்தலிலோ பத்து சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாக நல்லது. என் காரில் ஐடிலிங்கில் நீண்ட கால ட்ரிம் கூட்டல் 19 என்றும், குறுகிய கால ட்ரிம் கூட்டல் 6 என்றும் நின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் சற்று நேரம் பிடித்தபோது இரண்டும் சேர்ந்து 5க்கு இறங்கிவிட்டன. அளக்கப்படாத காற்று எங்கோ ஓர் ஓட்டை வழியாக உள்ளே புகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு என்பதால் சிறு கசிவும் அதில் பெரும் பங்காகிவிடுகிறது. வேகம் கூடும்போது அதே கசிவு மொத்தக் காற்றில் அற்பமாகிவிடுகிறது. மாறாக, ஃப்யூயல் பம்ப் தளர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ, வேகமும் சுமையும் கூடக் கூட எண்கள் மோசமாகியிருக்கும்.

அதன் பிறகு தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஓஸ், முழங்கை போல வளையும் இடத்தில் எண்ணெயில் ஊறித் தடித்து, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. இன்ஜின் ஓடும்போதே அந்த ஓஸை மேனிஃபோல்டு பக்கம் ப்ளையரால் நசுக்கியவுடன் குறுகிய கால ட்ரிம் திரையில் சரசரவென்று இறங்கியது, சத்தமும் சீரானது. ஓஸை மாற்றியதோடு முள் 750ல் நிலைத்துவிட்டது. பிளக், காயில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. மேலே சொன்ன கணக்கு, உள்ளே வரும் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் நேரடியாக அளக்கும் கார்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார் வகை இன்ஜின்களில், கசிவால் அழுத்தம் உயர்ந்தவுடன் கம்ப்யூட்டர் அதற்கேற்றபடி பெட்ரோலையும் கூட்டிவிடும் என்பதால், ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் வேகம் மட்டும் ஏறிக் காட்டலாம். உங்கள் காரில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் இந்த எண்களை நம்பிப் பயனில்லை.

கோடு பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்) போலக் குறிப்பிட்ட சிலிண்டரைச் சுட்டினால், அந்தச் சிலிண்டரின் காயிலை மூன்றாவது சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் போட்டு மறுபடி படித்தால், கோடு பி0303 ஆக மாறுகிறதா என்பதிலேயே காயிலின் நிலை தெரிந்துவிடும். அதற்கும் இந்தக் கருவி தாராளமாகப் போதும்.

கம்ப்ரஷன், ஃப்யூயல் பிரஷர், வால்வ் கிளியரன்ஸ் ஆகியவற்றை இது காட்டாது. ஆர்பிஎம் அசையாமல் நிற்க, ட்ரிம்களும் நன்றாக இருக்க, ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் நடுங்கினால் இன்ஜினைத் தாங்கும் இன்ஜின் மவுண்ட்டைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

செயலியில் கோடுகளை அழிக்கும் பொத்தான் மிக எளிதாகக் கைக்கு அகப்படும்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அழித்தால் கோடு மட்டும் போவதில்லை; கோளாறு பதிவான நொடியின் ஆர்பிஎம், வெப்பம், சுமை ஆகியவற்றைச் சேமித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும், கற்று வைத்த ட்ரிம் மதிப்புகளும் சேர்ந்தே போய்விடும். பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன் அந்தத் திரைகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடவும் வேண்டும். சாக்கெட்டில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் காரில் அது பேட்டரியை மெல்ல இறக்கிவிடும்.

எண்களைப் பொறுமையாகக் கவனிக்கத் தயாராக இருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கோட்டைப் படித்து அப்படியே பாகம் வாங்க நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்ட்ராய்டு கைபேசிக்கு இந்தச் சாதாரண ப்ளூடூத் வகையே போதும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த மாடல் அதில் இணையாது.