கன்னிமாராவா, கலைஞர் நூலகமா?

மதுரையில் அச்சான பழைய தலபுராணம், ஏதோ ஒரு சங்கம் வெளியிட்ட மலர் தேடுகிறீர்களா? முதலில் நூலகத்தின் வேலையைப் பாருங்கள்.

மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் வாசகருக்கானது. போட்டித் தேர்வுக்கும் அன்றாட வாசிப்புக்கும் அதுவே போதும், சென்னைக்கு அலைய வேண்டாம்.

சென்னை கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது. கொல்கத்தா தேசிய நூலகத்தைப் போல அதுவும் நூல் வைப்பகம், அதாவது வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெற்றுச் சேர்த்து வைக்கும் இடம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லியில் உள்ள வைப்பக நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். கொல்கத்தாவுக்குப் போவது நல்ல தாளில், படங்கள் முழுமையாக, கட்டுப்போட்ட படி. தவறினால் அபராதம் 50 ரூபாய் வரையும் நூலின் விலையும்தான். இவ்வளவு சிறிய தொகை யாரை அசைக்கும்? சிற்றூர் அச்சகத்து நூல்கள் விடுபட இதுவும் ஒரு காரணமாகலாம், பெரிய இழப்பு அது.

பழைய நூலைக் கன்னிமாராவின் பட்டியலில் தேடும்போது தலைப்பெழுத்தோடும் இல்லாமலும், ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றியும் பாருங்கள். அங்கும் கிடைக்காவிட்டால், 1901-இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் கேளுங்கள்.

நூலகப் பணியில் சேர எண்ணமா? வாசகரோடு பேசப் பிடித்தால் பொது நூலகம். வந்த நூல்களைக் கணக்கில் பதிவதும் பட்டியலிடலும் பிடித்தால் வைப்பகம்.