டிஎன்எஸ் மாற்றினால் நெட் வேகமாகுமா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நண்பர் ஒருவர் கேட்டார்: "பொது டிஎன்எஸ் போட்டா நெட் பறக்குமாமே, நீங்க ரொம்ப நாளா வெச்சிருக்கீங்க, நானும் போடலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் விரிவாக. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபியை, அதாவது சர்வரின் எண் முகவரியை, தேடித் தருவது டிஎன்எஸ். அந்தத் தேடலைச் செய்யும் சர்வர்தான் ரிசால்வர். நம் இணைய நிறுவனம் (ஐஎஸ்பி) ஒன்றைத் தரும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பிறர் நடத்துவது பொது ரிசால்வர்.

என் ரூட்டரில் சில வருடங்களாக இருந்தது, தனியுரிமைக்கு முதலிடம் தரும் ஒரு பொது ரிசால்வர். அது படுத்ததாக நினைவே இல்லை. அதற்கு முன்னால் இருந்த ஐஎஸ்பி டிஎன்எஸ் சாயங்காலமானால் திணறும், முகவரியைத் தப்பாக அடித்தால் விளம்பரப் பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். அந்தத் தொல்லையெல்லாம் ஒரே நாளில் ஒழிந்தது.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், ஆனால் விடாத எரிச்சல். போன் அப்டேட், பெரிய சாஃப்ட்வேர் டவுன்லோட் என எதுவும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நகராது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் முழு வேகமும் காட்டும். டிஎன்எஸ் தரும் பதிலைக் காட்டும் டிக் கட்டளையில் ஒரே டவுன்லோட் முகவரியை இரண்டு டிஎன்எஸ்ஸிடமும் கேட்டுப் பார்த்தேன். பொது ரிசால்வர் தந்த ஐபிக்கு பிங் (போய்த் திரும்ப ஆகும் நேரம்) 38 மில்லி செகண்ட், சிங்கப்பூர். ஐஎஸ்பி டிஎன்எஸ் தந்த ஐபிக்கு 4 மில்லி செகண்ட், ஐஎஸ்பியின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருந்து கோப்புகளின் நகலைத் தரும் கேஷ் சர்வர். 38 பெரிய எண் இல்லைதான். ஆனால் ஐஎஸ்பியின் வெளிநாட்டு லிங்க் ராத்திரியில் நெரிசலாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் கேஷுக்கு அந்த லிங்க்கே தேவையில்லை.

அகமாய் போன்ற சிடிஎன்கள் (பல ஊர்களில் சர்வர் வைத்து, கோப்புகளை அருகிலிருந்தே தரும் சேவைகள்), நம்மை எந்த சர்வருக்கு அனுப்புவது என்பதை டிஎன்எஸ் பதிலிலேயே முடிவு செய்துவிடுகின்றன. அவர்களிடம் போய்க் கேட்பது ரிசால்வர், நாம் இல்லை. அதன் ஐபிதான் அவர்களுக்குத் தெரியும். என் ஐஎஸ்பி அந்த ரிசால்வருக்குப் போகும் டிராஃபிக்கை சிங்கப்பூருக்குத் திருப்பிவிடுவதால், சிடிஎன் என்னையும் சிங்கப்பூர்க்காரன் கணக்கில் சேர்த்துவிடுகிறது. ஆக, ரிசால்வரை மட்டும் திட்டுவது நியாயமில்லை, ஐஎஸ்பியின் ரூட்டிங்குக்கும் பங்கு உண்டு.

இதற்கு மருந்து இருக்கிறது. ஈடிஎன்எஸ் கிளையன்ட் சப்நெட், 2016இல் வந்த ஆர்எஃப்சி 7871 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இருப்பது. கேட்பவரின் ஐபியில் ஒரு பகுதியை, ஐபிவி4 என்றால் வழக்கமாக முதல் 24 பிட்டை (நான்கு எண்களில் முதல் மூன்றை), ரிசால்வர் கேள்வியோடு சேர்த்து அனுப்பும். பொது ரிசால்வர் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்த பிறகு டவுன்லோட் நேரம் பாதியாகக் குறைந்தது என்று அகமாய் தரப்பின் 2015 ஆய்வு சொல்கிறது. கூகுளின் 8.8.8.8 அனுப்புகிறது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 தனியுரிமை கருதி அனுப்புவதில்லை. குவாட்9இல் 9.9.9.9 அனுப்பாது, 9.9.9.11 அனுப்பும். அனுப்பாதவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்ற தகவல், முன்பின் அறியாத சர்வருக்கெல்லாம் ஏன் போக வேண்டும்? இதை இயல்பாக அணைத்தே வைக்கச் சொல்கிறது அந்த ஆர்எஃப்சியே.

எல்லா தளத்துக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. பல ஊர் சர்வர்களுக்கும் ஒரே ஐபியை வைத்து, அருகில் இருப்பதற்கு நெட்வொர்க்கே அனுப்பிவிடும் எனிகாஸ்ட் முறையில் ஓடும் கிளவுட்ஃபிளேர் சிடிஎன்னுக்கு எந்த ரிசால்வர் என்பது ஒரு பொருட்டே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் வீடியோவும் நம் ஐபியைப் பார்த்தே சர்வரைத் தேர்ந்தெடுக்கிறது.

சரி, தீர்ப்பு. இவ்வளவு நல்லது சொல்லியும், ரூட்டரிலிருந்து அந்தத் தனியுரிமை ரிசால்வரை எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது 8.8.8.8. அதே டவுன்லோட் முகவரிக்கு ஐஎஸ்பியின் உள் கேஷைத்தான் தருகிறது. ஐஎஸ்பி டிஎன்எஸ்ஸுக்குத் திரும்ப மனசு வரவில்லை. பழைய ரிசால்வரை போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸாக வைத்திருக்கிறேன், வெளியே போகும்போது மட்டும் ஆன் செய்வேன். ஆன் செய்தபடியே வீட்டுக்கு வந்தால் ரூட்டரில் என்ன போட்டிருந்தாலும் போன் அதைக் கண்டுகொள்ளாது, கவனம்.

நண்பருக்கு என் பதில்: பதில் எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்று காட்டும் டிஎன்எஸ் டெஸ்ட் ஆப்பை நம்பி மாற்றாதீர்கள். நீங்கள் அடிக்கடி டவுன்லோட் செய்யும் முகவரியை இரண்டு ரிசால்வரிலும் கேட்டு, வரும் ஐபிகளுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு பிங் போடுங்கள்.