இணையத்தில் தருவிப்பதா, ஜங்ஷன் கடையில் வாங்குவதா?

அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கில் இறங்கும் மாணவர்கள், உதிரிபாகங்களை எங்கே வாங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

விலை: இணையத்தில் பாகம் மலிவு, ஆனால் சிறிய ஆர்டராக இருந்தால் கூரியர் கட்டணம் அந்த லாபத்தை விழுங்கிவிடும். திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் நான்கு ரெசிஸ்டர் கேட்டாலும் எண்ணிக் கொடுப்பார்கள்.

வகை: ஈஎஸ்பி32 (வைஃபை வசதியுள்ள சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு) பலகைக்கும் புதிய சென்சார்களுக்கும் இணையமே வழி. கடையில் பழுதுபார்ப்போருக்கு வேண்டிய கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், சால்டரிங் ஈயம் ஆகியவையே மிகுதி.

தரத்தில்தான் எச்சரிக்கை மிகவும் தேவை. 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்லின் உண்மையான கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டாது. அப்படியிருக்க, 9900 என்று அச்சிட்ட செல்லை இணையத்தில் வாங்கி நான் ஏமாந்தேன். படம் அனுப்புங்கள், காணொளி அனுப்புங்கள் என்று விற்பனையாளர் இழுத்தடித்ததில், பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடுவே கடந்துவிட்டது. பழகிய கடைக்காரர் என்றால் மேசையிலேயே மல்டிமீட்டரை வைத்துச் சோதித்துத் தருவார். மின்னழுத்தம் மட்டும்தான் அதில் தெரியும், கொள்ளளவு தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே, கல்லூரித் திட்டப்பணிக்கான முழுப் பட்டியலையும் இரண்டு வாரம் முன்பே இணையத்தில் ஒரே ஆர்டராகப் போடலாம். நாளை காலை செயல்விளக்கம், இன்றிரவு மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் ஒன்று கருகிவிட்டது என்றால், விடிந்ததும் ஜங்ஷனுக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான்.