கொழும்பு வளாகமொன்றின் கிறிஸ்தவ மாணவர் ஜெபக்குழு: சேர விரும்புவோருக்கு ஒரு மதிப்பீடு

கொழும்பிலுள்ள பல்கலைக்கழக வளாகமொன்றில் இயங்கும் கிறிஸ்தவ மாணவர் ஜெபக்குழுவில் முதலாம் வருடத்திலிருந்து பட்டம் பெறும்வரை உறுப்பினராக இருந்தேன். புதிதாக வளாகத்துக்கு வரும் தமிழ் மாணவருக்கு அதில் சேரும்படி தயங்காமல் சொல்வேன். ஆனால் வெள்ளிக்கிழமைப் பெருங்கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்வேன்.

முஸ்லிம் மாணவர்கள் ஜும்ஆவுக்குச் செல்லும் வெள்ளி நண்பகல் இடைவேளையில், வெறுமையாகக் கிடைக்கும் விரிவுரை மண்டபமொன்றில் பெருங்கூட்டம் நடைபெறும். பாடல்கள் சிங்களம், ஆங்கிலம், தமிழ் என மாறி மாறி வரும். தமிழ்ப் பாடல் வரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் திரையில் விழும். யாழ்ப்பாணத்திலோ அட்டனிலோ கீர்த்தனை பாடி வளர்ந்த ஒருவருக்கு முதல் சில வாரங்கள் அந்நியமாகவே இருக்கும். தேவசெய்தி மொழிபெயர்ப்புடன் வழங்கப்படுவதால் நேரத்தின் பாதி அதிலேயே கழிந்துவிடுகிறது. கிற்றார் வாசிப்பு நன்று. ஒலிபெருக்கி தேவைக்கு அதிகம்.

குழுவின் உண்மையான பெறுமதி வார நடுவில் ஏழெட்டுப் பேர் தமிழில் கூடும் வேத ஆராய்ச்சியில் இருக்கிறது. சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்துக்கொண்டு மாற்கு சுவிசேஷத்தைப் பகுதி பகுதியாக வாசிப்போம். வழிநடத்துபவர் போதகர் அல்லர், மூன்றாம் வருட மாணவர் ஒருவர். அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம், அவன் எழுந்து நடப்பதற்கு முன்னரே பாவமன்னிப்பைப் பற்றி இயேசு ஏன் பேசினார் என்ற கேள்வியில், மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்க மாணவியும் மட்டக்களப்புப் பெந்தெகொஸ்தே மாணவரும் தென்னிந்திய திருச்சபையில் வளர்ந்த யாழ்ப்பாணத்தவரும் விரிவுரைக்கு மணியாகும்வரை விட்டுக்கொடுக்காமல் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். வீட்டுச் சபைகளில் இவர்கள் ஒரே வாங்கில் அமர்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஜெபக் குறிப்புகளை எழுதுவதற்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி உண்டு. இடப்பக்கத்தில் திகதியும் விண்ணப்பமும், வலப்பக்கத்தில் பின்னர் நடந்தது. வராமல் நிற்கும் மகாபொலப் புலமைப்பரிசில் பணம், தாயின் சத்திரசிகிச்சை, வெள்ளவத்தையில் கட்டுப்படியாகும் அறை என்று எல்லாம் அதில் இருக்கும். வலப்பக்கம் வெறுமையாகவே நின்றுபோன வரிகளும் கணிசம். அவற்றை யாரும் கிழித்தெறியவில்லை என்பதே அந்தக் குழுவின்மீது எனக்கு மதிப்பை ஏற்படுத்தியது.

முதலாம் வருடத்தாருக்கு இன்னொரு பயனும் உண்டு. புதிய மாணவர்களைச் சீனியர்கள் துன்புறுத்தும் பகிடிவதையைத் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இலேயே நிறைவேற்றப்பட்ட போதிலும், வளாகங்களில் அது முற்றாக ஒழிந்துவிட்டதென்று கூற முடியாது. அந்த வாரங்களில் இக்குழுவின் சீனியர்கள் எங்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். நாங்கள் அவர்களை அண்ணா, அக்கா என்றே அழைக்கலாம். பழைய வினாத்தாள்கள், துன்முல்லைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதற்கான குறுக்குவழி, எந்தக் கன்டீனில் எதை வாங்கக்கூடாது என்பதெல்லாம் அவர்களிடமிருந்தே கிடைத்தன. இதை ஆன்மிகப் பணி என்று அவர்கள் பெயரிடாதது இன்னும் சிறப்பு.

குறைகளில் முதலாவது, அழைக்கப்படும் பேச்சாளர்கள் சிலரின் போக்கு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் கிறிஸ்தவர் ஏறத்தாழ 7.6 வீதம், அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அப்படியிருக்க, கத்தோலிக்க மாணவர் முன்னிலையிலேயே குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்ற தொனியில் ஒருவர் பேசியதும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பாளர்கள் பேசாமல் இருந்ததும் எவ்விதத்திலும் ஏற்கத்தக்கவை அல்ல. இரண்டாவது, ஒரு வெள்ளிக்கிழமை வராவிட்டால் அன்று மாலையே தொடங்கும் விசாரிப்பு. அது அக்கறைதான், ஆயினும் பரீட்சைக்காலத்தில் மூன்று பேர் தனித்தனியாக வட்ஸ்அப்பில் கேட்கும்போது வருகைப்பதிவேடு போலாகிவிடுகிறது. யார் யாருடன் பஸ்ஸில் போனார்கள் என்ற விசாரணை இதிலும் மோசம்.

மூன்றாவது குறை சிறியது போலத் தோன்றலாம், எனக்கு அப்படியன்று. உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனம் 1895இல் சுவீடனில் தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை வகித்தவர்களுள் ஒருவர் இலங்கைத் தமிழரான மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவானபோது தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவரும் அவரே. மாணவர் ஊழியம் பற்றிப் பேச வரும் ஒவ்வொருவரும் வெளிநாட்டு உதாரணங்களையே அடுக்கும் கூட்டத்தில், அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அங்கத்துவப் பணமோ விண்ணப்பப் படிவமோ கிடையாது. விடுமுறைக்கால முகாமுக்கு மட்டும் கட்டணம் உண்டு. கையில் இல்லாதவர் பொறுப்பாளரிடம் தனியே சொன்னால் போதும், யார் கொடுத்தார்கள் என்று வெளியில் தெரியாமலே ஒழுங்கு செய்வார்கள். வளாகத்துக்கு வந்த முதல் வாரத்தில் அறிவித்தல் பலகையில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் அறிவித்தலே பெரிதாகத் தெரியும். தமிழ் வேத ஆராய்ச்சி எந்த நாள், எந்த அறையில் என்பதைச் சீனியர் ஒருவரிடம் கேட்டு அறிந்துகொண்டு முதலில் அங்கே செல்லுங்கள்.