நார்மண்டி வேலிவரப்பு: 1/35-ஆ, 1/72-ஆ?

இரண்டாம் உலகப்போரின் 1944 நார்மண்டியில் (பிரான்ஸ்) புதர்வேலி மூடிய மண்வரப்பும், அதைத் தாண்டும் அமெரிக்க ஷெர்மன் டாங்கியும்தான் பலகைமேல் நீங்கள் செய்யும் சிறுமாதிரிக் காட்சி என்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவுவிகிதம்: 1/35 என்றால் மாதிரி நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு. சுமார் 5.8 மீட்டர் நீள டாங்கி 1/35-இல் 16.6 செ.மீ., 1/72-இல் 8 செ.மீ. வரும். 30×20 செ.மீ. பலகையில் 1/35 காட்டுவது 10.5×7 மீட்டர் நிலம்: ஒரு டாங்கி, நான்கு வீரர்கள், வரப்பின் ஒரு துண்டு. அதே பலகையில் 1/72 நான்கு மடங்குக்கும் மேல் நிலம் தரும். வயல், பாதை, இன்னொரு டாங்கி எல்லாம் அடங்கும்.

சிக்கல் தரையில்தான். 4 மி.மீ. செயற்கைப் புல் 1/35-இல் 14 செ.மீ. உயரப் புல், 1/72-இல் அதுவே கிட்டத்தட்ட 29 செ.மீ. அங்கே 2 மி.மீ. புல் போதும். மண்ணும் அப்படியே: 1 மி.மீ. மணல் 1/72-இல் 7 செ.மீ. கல்லாகிவிடும், மாவுச் சல்லடையில் சலித்தே தூவுங்கள். ஒட்ட, பிவிஏ பசையும் (வெள்ளை மரப்பசை) தண்ணீரும் சமபங்கு, ஒரு சொட்டு பாத்திர சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் பசை மண்ணில் இறங்காமல் முத்துமுத்தாக நிற்கும். எம்டிஎஃப் (மரநார் அழுத்திய) பலகையின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசாவிட்டால், ஈரம் ஒருபக்கம் ஏறி வளையும்.

வீரர்களின் முகம் பேச வேண்டுமென்றால் 1/35-தான். 1/72 வீரன் இரண்டரை செ.மீ.கூட இல்லை, கண் வரைய முயன்றால் பொம்மை திகைத்து விழிக்கும், குழிவில் நிழல் மட்டும் போதும். வண்ணத்தையும் சற்று வெளிறச் செய்யுங்கள். முதல் காட்சிக்கு என் ஓட்டு 1/35-க்கே.