டப்பா என்று சிரிப்பார்கள், சாவியையும் கேட்பார்கள்: நானோ, ஆம்னி, வெர்சா, லோகன்

கோயில் கொடை விழாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் திடலில் நிறுத்துகிற வண்டிகளைப் பார்த்தாலே நெல்லைச் சீமையில் காருக்கு என்ன வேலை என்பது புரிந்துவிடும். பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர் எப்படி இருக்கிறார் என்பதை ஊர் அந்த வண்டியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அதனால் வண்டி ஓட்டுவதில் உண்மையான கிறுக்கு உள்ளவர்கள்கூட சில வண்டிகளின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார்கள். தனியாக வந்தால் மட்டும், "அண்ணாச்சி, அந்த நானோவ ஒரு ரவுண்டு எடுத்துட்டு வாரேன், சாவியக் குடுங்க" என்பார்கள். அந்த ஆசைக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு வண்டிகளை எடுத்துக்கொண்டேன்: டாடா நானோ, மாருதி ஆம்னி, மாருதி வெர்சா, மஹிந்திரா ரெனோ லோகன். அம்பாசடரைச் சேர்க்கவில்லை. 2014-இல் தயாரிப்பு நின்றதிலிருந்து அதை வைத்திருப்பது பெருமையாகவே ஆகிவிட்டது. குவாலிஸை யாரும் அழகு என்று சொன்னதில்லை, ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்கவும் நம் பக்கம் ஆள் கிடையாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சான்ட்ரோவுக்கு அன்றைக்கு முகம் சுளித்தவர்களே பிறகு அதை வாங்கினார்கள், கூச்சம் தீர்ந்துபோன கதை அது. வெளிநாட்டுக்காரர்கள் அசிங்கமான கார் என்றதும் ஃபியட் மல்டிப்ளாவையும் போன்டியாக் ஆஸ்டெக்கையும் சொல்வார்கள். இரண்டும் இங்கே விற்பனைக்கே வராதவை, நமக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

என் அளவுகோல் ஒன்றுதான். இந்த வண்டி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். இன்ஜினை ஓர் இடத்தில் வைக்க முடிவெடுத்தார்கள், அல்லது காசை ஓர் இடத்தில் மிச்சம் பிடித்தார்கள், அதனால் உருவம் கெட்டது என்று பதில் வந்தால் நல்லது. அதே முடிவு நாம் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சந்தோஷமாகத் திரும்பி வருகிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஆம் என்றால் அந்த வண்டிக்கு ஆசைப்படலாம். ரசனைக் குறைவால் மட்டுமே அசிங்கமாகிப்போன வண்டிகள் நிறைய உண்டு, அவற்றில் எனக்கு ஆர்வம் இல்லை.

முதலில் நானோ. 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் காட்டினார்கள், 2009-இல் விற்பனைக்கு வந்தது, 2 லட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்ய, குலுக்கல் போட்டுத்தான் முதல் வண்டிகளை ஒதுக்கினார்கள். அப்படி வரவேற்கப்பட்ட வண்டியை 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்ற பெயரே கவிழ்த்தது. கடன் வாங்கியாவது கார் வாங்குகிற ஒருவர், நாட்டிலேயே விலை குறைந்த காரைத்தான் வாங்கினார் என்று ஊர் பேசுவதை விரும்புவாரா? மலிவு என்று முத்திரை விழவிட்டது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். 2018-இல் தயாரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் அந்த உருவத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 624 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின், அது பின்னால் இருக்கிறது, ஓடுவதும் பின்சக்கர இழுவையில். முன்னால் இன்ஜின் இல்லாததால் மூக்கு குட்டையாகிப் போனது, மொத்த நீளம் 3.1 மீட்டருக்குள் நாலு பேர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதால் கூரை மேலே போனது, காசு மிச்சம் பிடிக்க 12 அங்குலச் சக்கரம் போட்டார்கள், அதற்கு மூன்று நட்டு போதும் என்றார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு முட்டையை உருளை மேல் வைத்ததுபோல ஆகிவிட்டது. இனி ஓட்டும் பக்கம் வருவோம். எடை 600 கிலோவை ஒட்டித்தான், அதிலும் முன்சக்கரங்கள் மேல் பாரம் குறைவு, ஆகவே பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய நானோவில்கூட கைக்குச் சாலை அப்படியே தெரியும், திருப்புவதற்குத் தோள் வலிக்காது. முன் டயர் 135 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 155. பாரம் பின்னால் இருக்கும் வண்டிக்குப் பின்னால் அகல டயர் போட வேண்டும் என்பது போர்ஷே 911-க்கும் பொருந்துகிற அதே கணக்கு, இதைக் கேட்டதும் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், கணக்கு அதேதான்.

வண்டி திரும்புவதற்கு 4 மீட்டர் ஆரம் போதும். சாயங்காலம் டவுன் கீழ ரத வீதியில் அல்வா வாங்க நிற்கிற கூட்டத்துக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில், தப்பான தெருவில் நுழைந்துவிட்டோம் என்று தெரிந்த அடுத்த நொடி திருப்பிக்கொண்டு வர முடிகிற கார் இது ஒன்றுதான். சுலோச்சன முதலியார் பாலத்து நெரிசலில் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்துகொண்டு போகலாம். கிளட்சும் லேசு. அந்த இரண்டு சிலிண்டர் சத்தம் ஆட்டோ சத்தம்தான் என்று கேலி பேசுவார்கள், உண்மைதான், ஆனால் முடுக்கும்போது பின்னாலிருந்து தள்ளுகிற அந்தத் துடிப்பு சத்தமே இல்லாத இன்றைய வண்டிகளில் கிடைக்காது. வேகம் 105-க்கு மேல் போகாதபடி கட்டிவைத்திருக்கிறார்கள், அதற்குள் இன்ஜினிடமிருந்து முழு உழைப்பையும் வாங்கி ஓட்டுவதுதான் இதில் ருசி. பெரிய வண்டியில் அப்படி ஓட்டினால் லைசென்ஸ் போய்விடும்.

குறைகளை மறைக்கக் கூடாது. 2010-ஐ ஒட்டிச் சில நானோக்கள் தீப்பிடித்தன, நிறுவனம் கூடுதல் பாதுகாப்புப் பொருத்தித் தர வேண்டியதாயிற்று. 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பழைய மாடலில் டிக்கிக் கதவு திறக்காது, பின் சீட்டை மடக்கித்தான் பையை வைக்க வேண்டும், 2015-இல் வந்த ஜென்எக்ஸ் மாடலில்தான் அது சரியானது. 15 லிட்டர் டேங்க், முன்பக்கத்து பானெட்டைத் திறந்துதான் அதில் பெட்ரோல் ஊற்ற வேண்டும், பங்கில் பையன் பின்பக்கம் போய்த் தேடிக்கொண்டிருப்பான். இந்த வண்டியை நான்குவழிச் சாலையில் லாரிகளோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். இதன் இடம் டவுனும் பாளையங்கோட்டையும், அப்புறம் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று வயலுக்கு நடுவில் போகிற சாலைகளும்தான்.

ஆம்னி வேறு சாதி. 1984-இல் மாருதி வேன் என்று வந்தது, பிறகு ஆம்னி ஆனது, 2019 வரை ஓடியது. ஆம்புலன்ஸ், பள்ளிக்கூட வேன், கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றும் வண்டி, சினிமாவில் ஆள் கடத்தும் வண்டி, இப்படியே பெயர் வாங்கியதால் அதை ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. 796 சிசி இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, இழுப்பது பின்சக்கரம், முகம் வெட்டிவிட்ட மாதிரி தட்டை. ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் திருப்பம் வந்ததும் சாலை காலடியில் திரும்புவதைப் பார்க்கலாம். சாதாரணக் கார்களில் கிடைக்காத அனுபவம் அது, முதல் தடவை ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள், பத்து நிமிடத்தில் பிடித்துப்போகும்.

ஆனால் முட்டிக்கு முன்னால் ஒரு தகரம்தான். மோதினால் கால் போகும், பேசி மழுப்ப ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் வள்ளியூர்ப் பக்கம் ஏசி இல்லாத ஆம்னியில் போனால் சீட்டுக்கு அடியிலிருந்து இன்ஜின் சூடு ஏறும். பின்னால் லாரிக்குப் போடுகிற மாதிரி பட்டை பட்டையான லீஃப் ஸ்பிரிங், ஆள் இல்லாமல் போனால் குதிக்கும்.

அதே அமைப்பில் உயிருள்ள ஓர் இன்ஜின் வேண்டும் என்றால் வெர்சா. இதை மறந்தே போனார்கள், எனக்கு அது வருத்தம். 2001-இல் வந்தது, அமிதாப் பச்சனும் மகனும் விளம்பரத்தில் நடித்தார்கள், விலை அதிகம் என்று யாரும் வாங்கவில்லை. மாருதியின் எஸ்டீம் காரில் இருந்த அதே 1.3 லிட்டர், 16 வால்வு இன்ஜின் இதிலும், 80 குதிரைத்திறனுக்கு மேல். எஸ்டீம் அந்தக் காலத்து ஓட்டப்பிரியர்களின் செல்லம். அதன் இன்ஜினை எடுத்து அகலத்தைவிட உயரம் அதிகமான ஒரு வேனுக்குள் வைத்து, பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொடுத்திருக்கிறார்கள்! பள்ளிக்கூட வேன் என்று நினைத்து ஓரம் கட்டுகிறவர்களைத் தாண்டிப் போகும்போது அந்த இன்ஜின் மேலே சுற்றச் சுற்றப் பாடும். பின்னர் 2010-இல் ஈக்கோ என்று அதே உடம்பில் 1.2 லிட்டர் இன்ஜினோடு மலிவாக வந்தது, விற்றும் தள்ளியது, ஆனால் ஓட்டப்பிரியர் தேட வேண்டியது பழைய வெர்சாவைத்தான்.

ஒரு சிக்கல் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்துக்கென்றே சொன்னது. பணகுடி தாண்டி காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரைக்கும் மலைக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் அந்த நான்குவழிச் சாலையில் வெர்சாவோ ஆம்னியோ ஓட்டினால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லாரியைத் தாண்டும்போது அதன் மறைவு முடிந்து காற்று மறுபடி அடிக்கப்போகிற நொடிக்குத் தயாராக இருக்க வேண்டும். நானோவும் தள்ளாடும். நான்கில் நேராகப் போகிற ஒரே வண்டி லோகன்.

லோகனை அசிங்கம் என்று சொல்வதைவிட முகமே இல்லாத வண்டி என்று சொல்லலாம். ரெனோ நிறுவனம் 5,000 யூரோவுக்குள் ஒரு கார் என்று இலக்கு வைத்து ருமேனியாவின் டாச்சியா பெயரில் 2004-இல் கொண்டுவந்தது. கண்ணாடிகளை வளைத்தால் செலவு என்று தட்டையாக வைத்தார்கள், இடது வலது சைடு மிரர் இரண்டுக்கும் ஒரே அச்சு போதும் என்றார்கள். மஹிந்திரா அதை 2007-இல் இங்கே கொண்டுவந்தது, ரெனோவோடு இருந்த கூட்டு முறிந்த பிறகு 2011-இல் வெரிட்டோ என்று பெயர் மாறியது. வாடகை டாக்ஸியாக நிறைய ஓடியதால் வீட்டு வாசலில் நின்றால், "எங்க போக வண்டி பிடிச்சிருக்கிய?" என்று கேட்பார்கள்.

இங்கே மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று பார்த்தால் சஸ்பென்ஷனுக்குப் போயிருக்கிறது. மணிமுத்தாறு தாண்டியும் திசையன்விளைப் பக்கமும் இருக்கிற உடைந்த சாலைகளில் இதை 60-இல் அப்படியே விடலாம், உள்ளே இருப்பவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம். 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் பின்னர் டஸ்டர், மைக்ரா, சன்னி என்று பல பெயர் வண்டிகளில் வந்த அதே குடும்பம். 65 குதிரைத்திறன் என்று காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வந்துவிடும். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் கேரளா லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் மூன்றாவது கியரை மாற்றாமலே ஏறும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் கனமாக, நேர்மையாக இருக்கும். 510 லிட்டர் டிக்கியில் ஒரு வீட்டுச் சீர்வரிசையே அடங்கும்.

வீட்டில் ஒரே வண்டிதான் என்றால் லோகன் டீசல், அதில் பேச்சே கிடையாது. ஆனால் என் அளவுகோல்படி அதன் அசிங்கம் அதன் சந்தோஷத்தோடு நேராகக் கட்டுப்பட்டதில்லை. வேறு முகம் ஒட்டினாலும் அதே வண்டியாகத்தான் ஓடும். நானோவின் உருவத்தை மாற்றினால் நானோ போய்விடும். குட்டை மூக்கும் சின்னச் சக்கரமும் உயர்ந்த கூரையும் சேர்ந்துதான் அந்த ஓட்டத்தைத் தருகின்றன. ஆகவே இரண்டாவது வண்டிக்கு இடமும் கொஞ்சம் காசும் உள்ளவர்களுக்கு நான் சொல்வது நானோ, அதற்கு அடுத்து வெர்சா, ஆம்னி கடைசி. ஆம்னிமேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் அது செய்வதை எல்லாம் வெர்சா இன்னும் உற்சாகமாகச் செய்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. பதிவாகி 15 ஆண்டு தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. வெர்சாவுக்கும் முதல் நானோக்களுக்கும் அந்தக் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது, புதுப்பித்த ஆர்.சி.யைக் கையில் பார்க்காமல் பழைய கார் விற்கிற கன்சல்டிங்கில் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆம்னி, வெர்சா என்றால் உவரி, கூடங்குளம், இடிந்தகரை என்று கடலோரம் ஓடிய வண்டியா என்று விசாரித்துவிட்டு, உள்ளே கிடக்கும் விரிப்பைத் தூக்கித் தரையையும், தள்ளு கதவு ஓடுகிற தடத்தையும் பார்க்க வேண்டும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். லோகன் டீசலில் இன்ஜின் பாகங்களை ஒத்து ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள், அது அறுந்தால் இன்ஜின் வேலை வண்டி விலையைத் தாண்டும். நானோவுக்கு டயரைப் பாருங்கள். முன்னால் 135, பின்னால் 155 என்று எழுதியிருக்க வேண்டும், கிடைக்கவில்லை என்று நாலுக்கும் ஒரே அளவு மாட்டியிருந்தால் விற்கிறவரிடம் அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசி, சரியான அளவு மாட்டிய பிறகு ஓட்டிப் பாருங்கள்.