ரூ.1,890 போச்சு: திருகு டார்ச் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ஒரே ஒரு டிரிபிள் ஏ செல் போடுகிற, தலையைத் திருகினால் எரிகிற சின்ன பாக்கெட் டார்ச். விலை ரூ.1,890. எல்லாரும் பொருள் வாங்குகிற பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில், "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று முத்திரை குத்திய கடையில் வாங்கியது. இன்று காலை புகாரை மூடிவிட்டார்கள். டார்ச் செத்துக் கிடக்கிறது, பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பெயர் போட்டால் பதிவைத் தூக்க வைப்பார்கள், அதனால் போடவில்லை. ஆனால் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நல்ல திருகு டார்ச்சை எப்படிப் பார்த்து எடுப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த வகை டார்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே நடந்தது என்று புரியும். இதில் ஸ்விட்ச் என்று தனியாக எதுவும் கிடையாது. உடற்குழாயின் மேல் விளிம்புதான் ஸ்விட்ச். தலைக்குள் வட்டமான ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதன் நடுவில் பிளஸ் தொடர்பு, ஓரத்தைச் சுற்றி ஒரு செம்பு வளையம். தலையை இறுக்கும்போது குழாயின் விளிம்பு அந்த வளையத்தில் போய் முட்டும். செல்லின் மைனஸ் குழாய் வழியாகவே போர்டுக்கு வந்து சேரும், விளக்கு எரியும். தளர்த்தினால் நடுவே இடைவெளி விழும், அணையும். மரையின் மேல் அனோடைஸ் பூச்சு இருப்பதால் மரை வழியாகக் கரண்ட் போகாது. விளிம்பு மட்டும் பூச்சில்லாமல் வெறும் அலுமினியமாகப் பளபளவென்று இருக்கும். கெட்டுப்போக ஸ்விட்ச் இல்லை, தளர்த்தி வைத்திருந்தால் செல் வீணாகக் கரையாது. ஃபீனிக்ஸ் ஈ01 போன்ற டார்ச்சுகள் இத்தனை வருடமாகச் சாவிக்கொத்துகளில் தொங்குவதற்குக் காரணமே இந்த எளிமைதான்.

எளிமை என்பதாலேயே எல்லாப் பாரமும் மூன்று இடத்தில் விழுகிறது: விளிம்பு, மரை, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் டார்ச் வருடக்கணக்கில் உழைக்கும். ஒன்று தப்பினாலும் குப்பை.

நான் நம்பியது எதை என்று சொல்கிறேன். தளம் முழுக்க 1000 லூமன், 2000 லூமன் என்று கூவுகிற டார்ச்சுகள் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு). டிரிபிள் ஏ செல்லில் அது நடக்கவே நடக்காது. ஒரு வாட்டுக்கு 120 லூமன் என்று தாராளமாக வைத்தாலும் 1000 லூமனுக்கு 8 வாட்டுக்கு மேல் வேண்டும். 1.2 வோல்ட் செல்லிலிருந்து அதை எடுக்க 7 ஆம்பியர். சுண்டுவிரல் அளவு செல் அதை எங்கே கொடுக்கும்? ஆனால் இந்தக் கடைக்காரர் போட்டிருந்தது 110 லூமன், முழு வெளிச்சத்தில் 30 நிமிடம். கணக்குப் போட்டால் பொருந்துகிற எண்கள். டார்ச்சுகளின் வெளிச்சத்தை அளப்பதற்கான எஃப்.எல்.1 தரக் குறியீடும் போட்டிருந்தார்கள். படத்தில் சதுர வெட்டு மரை, வெறும் அலுமினிய விளிம்பு, பசை தடவிய ஓ-ரிங் எல்லாம் நெருக்கத்தில் தெரிந்தது. மின்சுற்று 0.9 முதல் 4.2 வோல்ட் வரை தாங்கும் என்றும் எழுதியிருந்தது. அதன் பிறகும் கேள்விப் பகுதியில் கேட்டேன், "படத்தில் உள்ள அதே மரையும் விளிம்பும்தானா?" என்று. "அதே பொருள்தான் சார், 100 சதவீதம் ஒரிஜினல், ஒரு வருஷ வாரண்டி" என்று பதில் வந்தது. அந்த ஒரு பதிலை நம்பித்தான் ரூ.1,890 கட்டினேன்.

வந்த பெட்டியில் கொட்டை எழுத்தில் "1000 லூமன்" என்று அச்சிட்டிருந்தது! விற்பனைப் பக்கத்தில் 110, பெட்டியில் 1000. அதாவது ஒரு நல்ல டார்ச்சின் படத்தையும் எண்களையும் திருடிப் பக்கத்தில் போட்டு, எங்கோ மொத்தத்தில் வாங்கிய மலிவுச் சரக்கை அனுப்பியிருக்கிறார்கள். இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, எந்த நாட்டில் செய்தது என்று இல்லை, குறை சொல்ல ஒரு போன் நம்பர் இல்லை. எம்.ஆர்.பி. 4,999 என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் கோணலாக ஒட்டியிருந்தது.

தலையைக் கழற்றிப் பார்த்தேன். மரை முக்கோண வெட்டு, ஆழமே இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் தலை கையோடு வந்துவிட்டது. விளிம்பில் கருப்பு பெயின்ட். கரண்ட் போக வேண்டிய ஒரே இடத்தில் பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்! திருகத் திருக அந்தப் பெயின்ட் ஒரு பக்கம் மட்டும் உரிந்து, பிறை மாதிரி ஒரு கீற்றில்தான் உலோகம் வளையத்தைத் தொடுகிறது. அதனால் இறுக்கினாலும் விட்டுவிட்டு எரிகிறது, லேசாகத் தட்டினால் அணைகிறது. ஓ-ரிங் பசையில்லாமல் வறண்டு, முதல் மரையின் கூர்முனையில் அறுபட்டு நாராகத் தொங்கியது. ஓ-ரிங் தண்ணீரைத் தடுக்க மட்டும் இல்லை. தலை தானாகச் சுழலாமல் பிடித்து வைப்பதும் அதுதான். அது அறுந்தால் பேன்ட் பாக்கெட்டில் நடக்கிற நடையிலேயே தலை இறுகி டார்ச் எரியத் தொடங்கும். இல்லை, தளர்ந்து தலை தனியாக விழுந்துவிடும். சாவிக்கொத்தில் தொங்கவிட்டால் வீட்டுக்குத் திரும்பும்போது வெறும் தலையோ வெறும் குழாயோதான் மிஞ்சும்.

வெளிச்சத்தையும் சோதித்தேன். முழுக்கச் சார்ஜ் ஏற்றிய 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லை எடுத்து, அதன் பிளஸ் முனையைத் தலையின் நடுத் தொடர்பில் வைத்து, செம்பு வளையத்துக்கும் செல்லின் மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் கோத்தேன். 0.38 ஆம்பியர். அரை வாட்டுகூட இல்லை. போர்டில் வீணாவதைக் கழித்தால் 50 லூமனைத் தாண்ட வழியே இல்லை. விற்பனைப் பக்கத்தில் போட்ட 110-ம் பொய், பெட்டியில் போட்ட 1000-ம் பொய்.

படங்களோடு அன்றே புகார் போட்டேன். வந்த பதிலைப் பாருங்கள்: "சார், சாதா செல்லில் வெளிச்சம் கம்மியாத்தான் வரும். பெட்டியில கொடுத்த லித்தியம் செல் போட்டு யூஸ் பண்ணுங்க, ஃபுல் பவர் வரும்." பெட்டியில் சிவப்பு உறை போட்ட ஒரு 10440 செல் இருந்தது. அளவு டிரிபிள் ஏ தான், வோல்ட் 3.7, முழுச் சார்ஜில் 4.2. மேலே கொள்ளளவு 1200 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தது. இந்த அளவு லித்தியம் செல்லில் நல்ல கம்பெனி செய்ததே 350 சுற்றித்தான் வரும்.

எழுத்துப்பூர்வமாக அவர்கள் சொன்ன செல்லை, அவர்களே கொடுத்த செல்லைப் போட்டதும் வெளிச்சம் ஏறியது உண்மைதான். கொஞ்ச நேரத்தில் தலை கையில் பிடிக்க முடியாத சூடு. வெள்ளை வெளிச்சம் நீலம் பாய்ந்தது. பிறகு ஒரேயடியாக அணைந்துவிட்டது. காரணம் சொல்கிறேன். வெள்ளை எல்.இ.டி. எரிய 3 வோல்ட் அளவு வேண்டும். செல் கொடுப்பதோ 1.2 அல்லது 1.5. அதை ஏற்றிக் கொடுக்கத்தான் தலைக்குள் ஒரு பூஸ்ட் சர்க்யூட். மலிவான பூஸ்ட் சர்க்யூட்டுக்கு வோல்ட்டை ஏற்றத்தான் தெரியும், இறக்கத் தெரியாது. 4.2 வோல்ட் உள்ளே வந்தால் காயில் வழியாக அப்படியே எல்.இ.டி.க்குப் பாயும், தடுக்க ஆள் இல்லை. இரண்டையும் சமாளிக்கும் சர்க்யூட் போட்ட டார்ச்சுகள் சந்தையில் உண்டு. "0.9 முதல் 4.2 வரை" என்று எழுதி விற்றது அப்படி ஒன்றின் விவரத்தை. அனுப்பியது இதை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். "லித்தியம் செல் யூஸ் பண்ணியிருக்கீங்க சார், அது கஸ்டமர் டேமேஜ், வாரண்டி வராது." நீங்கள்தானே போடச் சொன்னீர்கள் என்று அவர்களுடைய பதிலையே படம் எடுத்து அனுப்பினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி. மறுபடி கேட்டால் வேறொருவர் வந்து, ஆர்டர் நம்பர் என்ன, பிரச்சினை என்ன என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். விற்பனையாளர் போனில் அழைப்பார் என்றார்கள். அழைப்பு வரவில்லை. வந்ததாகவும் நான் எடுக்கவில்லை என்றும் பதிவு செய்திருக்கிறார்கள்.

கடைசியில் திரும்ப எடுக்க ஆள் அனுப்பினார்கள். வந்த தம்பி தன் போனில் இருந்த படத்தையும் கையில் இருந்த டார்ச்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறது வேற மாதிரி இருக்குண்ணா, மேட்ச் ஆகல, எடுத்துட்டுப் போக முடியாது" என்றார். அதேதானய்யா என் புகாரே! படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு! அந்தப் பையன் மேல் தப்பில்லை, அவருக்கு அப்படித்தான் உத்தரவு. ஆனால் அதையே காரணம் காட்டி, "தவறான பொருள் திருப்பித் தரப்பட்டது" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். ரூ.1,890-ஐ வாங்கிக்கொண்டு, பொருளை மாற்றி அனுப்பி, எரிக்கச் சொல்லி, எரித்ததும் நான் பொருளை மாற்றிவிட்டேன் என்கிறார்கள். கேள்விப் பகுதியில் எனக்குத் தந்த பதிலையும் இப்போது காணோம். நல்ல வேளையாக ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள் தெளிவாக இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ, பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருந்தே ஆக வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தேடினால் கிடைக்கும். சாட்டில் பேசுகிறவர்களோடு மல்லுக்கட்டாமல் நேராக அவருக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ரூ.1,890-க்கு யார் அலைவார்கள் என்று நினைக்கிறார்கள். அலையத்தான் போகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயம், விரிவாக எழுத இப்போது மனசில்லை.

குழாயின் விளிம்பு வெறும் உலோகமாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்ததும் பாருங்கள். திறப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், மரையும் விளிம்பும் அதில் தெரியட்டும். டிரிபிள் ஏ ஒன்றில் 100, 120 லூமனுக்கு மேல் சொன்னால் எந்த செல்லில் என்று கேளுங்கள். அணைந்த நிலையிலிருந்து அரைச் சுற்றாவது தளர்த்தி வைத்தால்தான் பாக்கெட்டில் தானாக எரியாது. அப்படித் தளர்த்தியும் தலை ஆடாமல் நிற்க வேண்டும். ஓ-ரிங்குக்கு சிலிகோன் கிரீஸ் மட்டும், தேங்காய் எண்ணெய் போட்டால் பிசுக்குப் பிடித்து மரையில் அழுக்கு சேரும். அல்கலைன் செல்லைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். கசிந்தால் அலுமினியத்தை அரித்து செல் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும், பிறகு எடுக்க முடியாது. பெட்டியோடு இலவசமாக வருகிற லித்தியம் செல்லைத் தொடவே தொடாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

இதை எழுதுவதற்கு முன்பு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே திருட்டுப் படம், அதே 110 லூமன், அதே "ஒரு வருஷ வாரண்டி". கடை பெயரை மட்டும் மாற்றி ரூ.1,650-க்குப் போட்டிருக்கிறார்கள். சதுர மரையோடு கருப்பு டார்ச் படம், பக்கத்தில் சிவப்பு செல் இலவசம் என்று இருந்தால் அதுதான். வாங்காதீர்கள்.